பாப்ளர் 1921: சிறைக்குள் கூடிய நகர மன்றம்

நகர மன்றக் கூட்டங்களில் நிறைவேறும் தீர்மானங்களில் பெரும்பாலானவை அடுத்த வாரமே யாருக்கும் நினைவில் இருக்காது. வரி விகிதம், தெருவிளக்கு, கழிவுநீர்க் குழாய், ஒப்பந்தப்புள்ளி என்று பொருள்கள் வரிசையாக வரும். படிப்பார்கள், கை தூக்குவார்கள், அடுத்த பொருளுக்குப் போவார்கள். 1921 மார்ச்சில் கிழக்கு லண்டனின் பாப்ளர் பரோ கவுன்சில் (பரோ என்பது லண்டனுக்குள் தனி மன்றம் உள்ள ஓர் உள்ளாட்சிப் பகுதி) எடுத்துக்கொண்ட பொருளும் அப்படி ஆண்டுதோறும் வருகிற ஒன்றுதான்: வரி விகிதம். ஆனால் அந்தத் தீர்மானத்துக்காக ஆறு மாதத்தில் 30 உறுப்பினர்கள் சிறைக்குப் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் லண்டன் நகரம் தன் ஏழைகளுக்கான செலவைப் பங்கிடும் முறையே மாறியது.

பாப்ளரைப் பற்றிப் பேசுபவர்கள் ஊர்வலத்தையும் சிறைவாசத்தையும்தான் அதிகம் பேசுகிறார்கள். இரண்டுமே பேச வேண்டியவைதான். ஆனால் இந்த நிகழ்வின் உயிர்நாடி மன்றக் கூட்டத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. எதை எப்படித் தீர்மானமாக எழுதினார்கள், அதை எப்படிக் கடைசிவரை ஒரு மன்றமாகவே நின்று காப்பாற்றினார்கள் என்று பார்த்தால்தான் அவர்கள் வென்ற காரணம் புரியும்.

ஊரும் வரியும்

தேம்ஸ் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் இருந்தது பாப்ளர். வெஸ்ட் இந்தியா, ஈஸ்ட் இந்தியா, மில்வால் என்று பெரிய கப்பல்துறைகள் அங்கே இருந்தன. மக்கள்தொகை சுமார் 1.6 லட்சம். துறைமுக வேலை அன்றாடக் கூலி வேலை. காலையில் வாசலில் போய் நிற்க வேண்டும், கூப்பிட்டால் வேலை, இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். முதல் உலகப் போர் முடிந்த பிறகு கொஞ்ச காலம் வணிகம் நன்றாக ஓடியது. 1920 கடைசியில் அது சரிந்தது. கப்பல் வரத்து குறைய, வேலையில்லாதவர்களின் வரிசை நீண்டது.

அந்தக் காலத்து ஆங்கிலேயச் சட்டப்படி, பிழைக்க வழியில்லாதவர்களுக்கு நிவாரணம் தருவது அந்தந்தப் பகுதியின் பொறுப்பு. 'போர்டு ஆஃப் கார்டியன்ஸ்' என்ற காப்பாளர் குழு அதைக் கொடுக்கும். அதற்கான பணம் அந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வர வேண்டும். ஏழைகள் அதிகமாக இருக்கும் பகுதியில் சொத்து மதிப்பு குறைவு, நிவாரணச் செலவு அதிகம். பணக்காரப் பகுதியில் சொத்து மதிப்பு அதிகம், நிவாரணம் கேட்பவர்கள் குறைவு. வரியை ஒரே அளவில் உயர்த்தினாலும் வெஸ்ட்மின்ஸ்டரில் கிடைக்கும் தொகை பாப்ளரில் கிடைப்பதைப் போலப் பல மடங்கு.

இந்தச் சுமையை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ள ஒரு பொதுநிதி 1867லிருந்தே இருந்தது. ஆனால் அந்த நிதி, 'ஒர்க்ஹவுஸ்' எனப்படும் ஏழைகள் விடுதிக்குள் வைத்துப் பராமரிக்கும் செலவுக்குத்தான் பயன்பட்டது. வீட்டில் இருந்தபடியே நிவாரணம் வாங்கும் குடும்பத்தின் செலவு அதில் சேராது. ஒரு குடும்பத்தைக் கலைத்து விடுதியில் அடைத்தால் லண்டன் பங்கு கொடுக்கும். அதே குடும்பத்தை அதன் வீட்டிலேயே சேர்ந்து வாழவிட்டால் முழுச் செலவும் உள்ளூர்க்காரர்கள் தலையில். வேலையின்மை ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தாக்கும் காலத்தில் இந்த விதி எவ்வளவு கொடுமையானது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாப்ளர் கவுன்சில் வசூலித்த வரி முழுவதும் கவுன்சிலுக்கே சேரவில்லை. லண்டன் முழுவதற்குமான லண்டன் கவுன்டி கவுன்சில், மாநகரக் காவல்துறை, மருத்துவமனைகளை நடத்திய மெட்ரோபாலிட்டன் அசைலம்ஸ் போர்டு, குடிநீர் வாரியம் ஆகிய நான்குக்கும் சேர்த்துப் பரோ கவுன்சில்தான் வசூலித்துக் கட்ட வேண்டும். நம் ஊரில் சொத்து வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி சேர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளாட்சி அதை வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்த மாதிரி ஏற்பாடுதான் இதுவும். தொகைதான் மிகப் பெரிது.

யார் அந்த உறுப்பினர்கள்

1919 நவம்பர் தேர்தலில் பாப்ளரின் 42 இடங்களில் 39ஐத் தொழிற்கட்சி பிடித்தது. வென்றவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருக்களிலேயே வாழ்ந்த தொழிலாளர்கள். ரயில்வே ஊழியர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் தொழிற்சங்கக்காரர்களும் இருந்தார்கள். 'டெய்லி ஹெரால்டு' பத்திரிகையை நடத்திய ஜார்ஜ் லான்ஸ்பரி முதல் தொழிற்கட்சி மேயர் ஆனார். பின்னாளில் அந்தக் கட்சிக்கே தலைவரானவர் அவர். 1921இல் மேயராக இருந்த சாம் மார்ச், வண்டியோட்டிகள் சங்கத்திலிருந்து வந்தவர். பெண்களில் ஆசிரியராக இருந்த மின்னி லான்ஸ்பரி, ஜூலியா ஸ்கர், நெல்லி கிரசல், ஜென்னி மெக்கே, சூசன் லாரன்ஸ் ஆகியோர் நம் கதைக்கு முக்கியமானவர்கள். சூசன் லாரன்ஸ் வசதியான குடும்பத்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்தவர். கன்சர்வேட்டிவ் கட்சியில் தொடங்கி, துப்புரவுப் பெண்களின் கூலிப் பிரச்சினையைப் பார்த்துக் கட்சி மாறியவர்.

பதவிக்கு வந்ததும் வீட்டுவசதி, தாய்சேய் நலம் போன்றவற்றில் இறங்கினார்கள். 1920இல் கவுன்சில் ஊழியர்கள் எல்லோருக்கும் வாரம் குறைந்தது 4 பவுண்டு சம்பளம் என்று தீர்மானித்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. இந்த முடிவு பிறகு ஒரு பெரிய வழக்காகத் திரும்பி வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மார்ச் தீர்மானம்

1921 தொடக்கத்தில் மன்றத்தின் முன் வழக்கமான இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நிவாரணத்தையும் நகரப் பணிகளையும் தொடர்ந்து, வரியை ஏற்றுவது. அந்த வரியைக் கட்டப்போவதும் அதே ஏழைத் தெருக்கள்தான், ஏனென்றால் வரி வாடகையோடு சேர்ந்து குடியிருப்பவர் மேல் விழும். இரண்டாவது, வரியை ஏற்றாமல் நிவாரணத்தை வெட்டுவது. எந்த ஊரிலும் பட்ஜெட் கூட்டத்தில் அதிகாரிகள் இந்த இரண்டைத்தான் எடுத்து வைப்பார்கள்.

பாப்ளர் மன்றம் மூன்றாவதாக ஒன்றைச் செய்தது. நகரப் பணிகளுக்கும் ஏழை நிவாரணத்துக்கும் தேவையான வரியை மட்டும் விதித்தது. வெளியே உள்ள நான்கு அமைப்புகளுக்கும் வசூலித்துத் தர வேண்டிய பகுதியை விதிக்காமல் விட்டது.

இதன் நுட்பத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர்கள் வரி வசூலையே நிறுத்தவில்லை. மக்களை வரி கட்டாதீர்கள் என்று தூண்டவில்லை. மன்றத்தைக் கலைத்துவிட்டு வெளியே போகவில்லை. தெருக்கள் கூட்டப்பட்டன, ஊழியர்களுக்குச் சம்பளம் போனது, நிவாரணம் தொடர்ந்தது. பாப்ளர்க்காரர் எவருக்கும் இந்தத் தீர்மானத்தால் இழப்பில்லை, வரி குறைந்ததால் லாபம்தான். பாதிப்பு முழுவதும் மேலே இருந்த அமைப்புகளுக்கு. ஆகவே சண்டைக்கு வர வேண்டியவர்கள் அவர்கள்தான், வரும்போது இந்த அநியாயப் பங்கீட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

வாதமும் அதற்கேற்ற மாதிரி இருந்தது. காவல், மருத்துவமனை, தண்ணீர் எல்லாம் லண்டன் முழுவதற்கும் பொது என்று சொல்லிப் பங்கு கேட்கிறீர்கள், சரி. லண்டனின் வேலையின்மையும் பொதுதானே? துறைமுகத்தில் இறங்கும் சரக்கால் நகரமே வாழ்கிறது. சரக்கு வராதபோது பட்டினி மட்டும் எங்கள் தெருக்களுக்கு எப்படிச் சொந்தமாகும்? வெஸ்ட்மின்ஸ்டரும் கென்சிங்டனும், லண்டனின் வணிக மையமான சிட்டியும் தங்கள் பங்கைக் கொடுக்கும்போது பாப்ளரும் கொடுக்கும் என்று மின்னி லான்ஸ்பரி வெளிப்படையாகவே சொன்னார்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மருத்துவமனை வாரியத்துக்குப் போக வேண்டிய பணத்தை நிறுத்துவது நோயாளிகளைப் பாதிக்காதா என்ற கேள்வி நேர்மையானது. ஒவ்வொரு உள்ளாட்சியும் தனக்குப் பிடிக்காத சட்டத்தை இப்படி ஒதுக்கினால் என்ன ஆகும் என்றும் கேட்கலாம். ஹாக்னியின் மேயரும் தொழிற்கட்சியின் லண்டன் செயலாளருமான ஹெர்பர்ட் மாரிசன் இதை ஆதரிக்கவில்லை. சட்டத்தை மீறினால் தொழிற்கட்சிக்கு ஆளத் தகுதியில்லை என்று மக்கள் நினைப்பார்கள் என்பது அவர் கவலை. ஆனால் வரிப் பங்கீட்டைச் சீராக்கச் சொல்லி அதுவரை வருடக்கணக்காக மனுக்கள் போயிருந்தன, தூதுக்குழுக்கள் போயிருந்தன, ஒன்றும் நடக்கவில்லை. அதையும் கணக்கில் வைத்துப் பார்த்தால் பாப்ளர் மன்றத்தின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

நீதிமன்றத்துக்குப் போன மன்றம்

லண்டன் கவுன்டி கவுன்சிலும் அசைலம்ஸ் போர்டும் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய் என்று கட்டளையிடும் மாண்டமஸ் ரிட் கேட்டன. ஜூலை 29ஆம் தேதி விசாரணை.

அன்று பாப்ளர் உறுப்பினர்கள் பாப்ளரிலிருந்து உயர் நீதிமன்றம் வரை ஊர்வலமாக நடந்தார்கள். முன்னால் மன்றத்தின் செங்கோலை ஏந்திய ஊழியர், மேயர் கழுத்தில் பதவிச் சங்கிலி, பேண்டு வாத்தியம், பின்னால் ஆயிரக்கணக்கில் மக்கள். ஏழைப் பரோக்களுக்கு வரிச் சமநிலை வேண்டி பாப்ளர் பரோ கவுன்சில் உயர் நீதிமன்றத்துக்கும், ஒருவேளை சிறைக்கும் போகிறது என்று பதாகையில் எழுதியிருந்தது.

செங்கோலும் சங்கிலியும் வெறும் அலங்காரம் என்று தோன்றலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. முப்பது தனிமனிதர்கள் சட்டத்தை மீறுகிறார்கள் என்ற படத்தைத்தான் வழக்குத் தொடுத்தவர்கள் காட்ட விரும்பியிருப்பார்கள். வந்து நின்றதோ, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம். மார்ச்சில் வாக்களித்து நிறைவேற்றிய தீர்மானத்தை அதே மன்றமே நீதிமன்றத்தில் வந்து சொல்கிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் இன்னொரு கூட்டம் கூட்டி வாக்கெடுத்தால்தான் உண்டு.

நீதிமன்றம் வரியை விதிக்கச் சொன்னது. ஆகஸ்டில் மேல்முறையீடும் தோற்றது. மன்றம் அசையவில்லை. செப்டம்பர் 1ஆம் தேதி கைது தொடங்கியது. சில நாட்களுக்குள் 25 ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறைக்கும், 5 பெண்கள் ஹாலோவே சிறைக்கும் போனார்கள். மின்னி, அவர் கணவர் எட்கர், மாமனார் ஜார்ஜ் என்று ஒரே குடும்பத்தில் மூன்று பேர். ஸ்கர் குடும்பத்தில் கணவனும் மனைவியும். நெல்லி கிரசல் அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி.

சிறைக்குள் மன்றக் கூட்டம்

இது நீதிமன்ற அவமதிப்புக்கான சிறை. இத்தனை மாதம் என்று தண்டனைக்காலம் கிடையாது. உத்தரவுக்குக் கீழ்ப்படியும்வரை உள்ளே இருக்க வேண்டும். கீழ்ப்படிவது என்றால் இங்கே என்ன பொருள்? வரியை விதித்து மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதற்கு மன்றம் கூட வேண்டும். மன்றத்தின் பெரும்பகுதியோ சிறையில். அரசு தன் கையாலேயே தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டது.

உறுப்பினர்கள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். தாங்கள் இன்னும் கவுன்சிலர்கள், ஊரின் வேலையைப் பார்க்க வேண்டும், ஆகவே கூட்டம் நடத்த அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். அனுமதி கிடைத்தது. பிரிக்ஸ்டன் சிறைக்குள்ளேயே பாப்ளர் பரோ கவுன்சில் கூடியது. ஹாலோவேயிலிருந்து பெண் உறுப்பினர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வடக்கு லண்டனிலிருந்து தெற்கு லண்டனுக்குச் சிறை அதிகாரிகளின் காவலில் மன்றக் கூட்டத்துக்கு வந்து, முடிந்ததும் மறுபடி அறைக்குத் திரும்பினார்கள்.

வரி விதித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் உள்துறை அனுமதித்திருக்கும் என்பது என் ஊகம். கூட்டம் நடந்தது, நகர வேலைகள் பேசப்பட்டன, அந்த ஒரு தீர்மானம் மட்டும் வரவில்லை. சிறைக் கதவின் சாவி ஒவ்வொரு கூட்டத்திலும் அவர்கள் கையெட்டும் தூரத்தில் இருந்தது. கை தூக்கியிருந்தால் அன்றே வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்படியும் ஒவ்வொரு முறையும் அதைத் தொடாமல் அறைக்குத் திரும்பியதுதான் இந்த வரலாற்றிலேயே என்னை மிகவும் நெகிழ வைக்கும் பகுதி.

சிறைக்குள் சும்மா இருக்கவும் இல்லை. சாப்பாடு, அறைக்கதவைத் திறந்துவைப்பது, செய்தித்தாள், ஒன்றாகச் சந்திப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார்கள். மாலையில் ஜார்ஜ் லான்ஸ்பரி அறை ஜன்னல் வழியாக வெளியே கூடியிருந்தவர்களிடம் பேசினார். அவருக்கு அறுபது வயதைத் தாண்டியிருந்தது, உடல்நிலை சரியில்லை. நெல்லி கிரசலைச் செப்டம்பரிலேயே விடுவித்தார்கள். கர்ப்பிணி ஒருத்தி மன்றத் தீர்மானத்துக்காகச் சிறையில் இருப்பது அரசுக்குப் பெரிய சங்கடம்.

வெளியே ஊர் அமைதியாக இல்லை. வாடகைதாரர்கள் சங்கம் சேர்த்து, வாடகை கொடுக்க மாட்டோம் என்று எச்சரித்தார்கள். அப்புறம் நடந்ததுதான் அரசை உண்மையில் கலக்கியது: பக்கத்துப் பரோக்களான ஸ்டெப்னியும் பெத்னல் கிரீனும் தங்கள் மன்றக் கூட்டங்களில் பாப்ளர் வழியிலேயே போவதாகத் தீர்மானித்தன. ஸ்டெப்னியில் இதை ஆதரித்தவர்களில் கிளெமென்ட் அட்லி ஒருவர். 1945இல் பிரதமராகி இந்திய விடுதலைச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே அட்லிதான். ஒரு மன்றத்தைச் சிறையில் வைக்கலாம். கிழக்கு லண்டனின் எல்லா மன்றங்களையும் வைக்க முடியுமா?

ஹெர்பர்ட் மாரிசனும் தொழிற்கட்சி மேயர்களும் அப்போது ஸ்காட்லாந்தின் கேர்லாக்கில் விடுமுறையில் இருந்த பிரதமர் லாயிட் ஜார்ஜை அங்கேயே போய்ப் பார்த்தார்கள். சுகாதார அமைச்சர் ஆல்ஃபிரட் மாண்ட் பேச்சுவார்த்தைக்கு வழி தேடினார். பாப்ளர் உறுப்பினர்களோ, பேசத் தயார், ஆனால் கைதிகளாக வந்து பேச மாட்டோம் என்றார்கள். கடைசியில் பேச்சுவார்த்தையில் கலந்துகொள்ள வசதியாக, அக்டோபர் 12ஆம் தேதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வரி விதிக்கப்படவில்லை, தீர்மானமும் ரத்தாகவில்லை. சிறைவாசம் சுமார் ஆறு வாரம்.

என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை

1921 முடிவதற்குள் நாடாளுமன்றம் உள்ளாட்சி நிதி தொடர்பான சட்டம் ஒன்றை அவசரமாக நிறைவேற்றியது. வீட்டில் இருந்தபடி நிவாரணம் பெறும் குடும்பங்களின் செலவும், ஒரு வரம்புக்குள், லண்டன் பொதுநிதியில் சேர்க்கப்பட்டது. 1867லிருந்து இருந்த அந்தக் கோணல் விதி நேரானது. பணக்காரப் பரோக்களின் பணம் ஏழைப் பரோக்களுக்கு வரத் தொடங்கியது. மனுக்களால் பல ஆண்டுகளில் அசையாதது சில மாதங்களில் அசைந்தது.

விலையும் இருந்தது. மின்னி லான்ஸ்பரி 1922 ஜனவரி 1ஆம் தேதி நிமோனியாவால் இறந்தார். வயது 32. சிறைவாசம் அவர் உடலைத் தளர்த்திவிட்டது என்று உடனிருந்தவர்கள் நம்பினார்கள். போ (Bow) சாலையில் இன்றும் அவர் பெயரில் ஒரு நினைவுக் கடிகாரம் இருக்கிறது.

4 பவுண்டு சம்பளத் தீர்மானம் இவ்வளவு நல்லபடி முடியவில்லை. விலைவாசி இறங்கிய பிறகும் பாப்ளர் அந்தச் சம்பளத்தைக் குறைக்கவில்லை. தணிக்கையாளர் அதை அளவுக்கு மீறிய செலவு என்று சொல்லி, 5,000 பவுண்டை உறுப்பினர்களே தங்கள் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்றார். இடையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மன்றத்தின் பக்கம் நின்றது. ஆனால் 1925இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தணிக்கையாளரே சரி என்று தீர்ப்பளித்தது. சம்பளத்தில் ஆண் பெண் சமத்துவம் வேண்டும் என்ற பெண்ணிய ஆசையும், விசித்திரமான சோஷலிச தர்ம சிந்தனையும் கவுன்சிலர்களை வழிதவற வைத்திருக்கலாம் என்ற பொருளில் அட்கின்சன் பிரபு எழுதியது இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கும் பகுதி.

இரண்டு தீர்மானங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். வரித் தீர்மானம் தெளிவாகச் சட்டத்துக்கு எதிரானது, அது வென்றது. சம்பளத் தீர்மானம் மன்றத்துக்குச் சட்டம் கொடுத்த அதிகாரத்துக்குள் எடுத்ததாகவே உறுப்பினர்கள் நினைத்தார்கள், அது தோற்றது. முதலாவதில் எதிரில் நின்றது அரசு. தெருவும் பக்கத்துப் பரோக்களும் கொடுத்த அழுத்தம் அரசின் மேல் விழுந்தது, அரசியல்வாதிகள் பேச இறங்கினார்கள். இரண்டாவதைத் தணிக்கைக் குறிப்பாகத் தொடங்கி வழக்காக நடத்தி முடித்தார்கள். பேச்சுவார்த்தைக்கு அங்கே மேசையே இல்லை, கணக்குப் புத்தகமும் நீதிபதிகளும்தான். உள்ளாட்சியில் இருப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பெண் ஊழியருக்கு ஆணுக்குச் சமமாகச் சம்பளம் கொடுத்த முடிவு தோற்றது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

நிவாரணச் செலவின் கதை 1921 சட்டத்தோடு முடியவில்லை. காப்பாளர் குழுக்களின் செலவை வைத்து அமைச்சகத்துக்கும் பாப்ளருக்கும் இழுபறி அந்தப் பத்தாண்டு முழுவதும் நடந்தது. 1929 உள்ளாட்சிச் சட்டம் அந்தக் குழுக்களையே ஒழித்தது. 1930 ஏப்ரலில் லண்டனின் ஏழை நிவாரணப் பொறுப்பு முழுவதும் லண்டன் கவுன்டி கவுன்சிலுக்குப் போனது. அதன்பின் பாப்ளர்க் குடும்பத்தின் நிவாரணத்துக்கு வெஸ்ட்மின்ஸ்டரும் கென்சிங்டனும் தங்கள் பங்கைக் கட்டின.